திரும்பி வருவது தெரியக்கூடாது

கொண்டல்சாமி இறந்த நாற்பத்தோராம் நாள், அவர் படுத்துப் புரண்ட கயிற்றுக் கட்டிலில் ஒரு குழி விழத் தொடங்கியது. ஆனால் அது விழுவதை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் அது சுவரில் நிழல் நகர்கிற மாதிரி, பார்க்கும்போது நின்று, பார்வையை எடுத்ததும் ஒரு நூல் இறங்கி, மறுபடி நின்று, அப்படியே பத்துப் பதினைந்து நாளில் ஒரு ஆளின் முதுகு கொள்ளும் அளவுக்கு வந்து சேர்ந்தது.

அவர் மனைவி சீனியம்மாள் தினமும் அந்தக் கட்டிலைச் சுற்றித்தான் பெருக்கினாள். அவளுக்கும் தெரியவில்லை. அவளுக்கு அந்த நாட்களில் எதுவுமே தெரியவில்லை. உன் புருஷன் பஸ் நிறுத்தத்தில், கையில் தக்காளிப் பையோடு, நின்ற மேனிக்குச் சுவரில் சாய்ந்து உயிரை விட்டுவிட்டார் என்று வந்து சொன்னவர்களிடம், பையை யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டவள் அவள். காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படி அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை மரத்துப்போனது. ஊர்ப் பெண்கள் அவள் முதுகில் அடித்து, அழுதுரு தாயி, அழாம இருந்தா நெஞ்சு வெடிச்சிரும் என்று சொல்லிச் சொல்லித் தாங்களே அழுது ஓய்ந்தபோது, அவள் எழுந்துபோய் அவர்களுக்குக் காபி போட்டாள். உலை வடிக்கும்போது கொதிக்கிற கஞ்சி வலது கையில் கொட்டியதைக்கூட, மறுநாள் கொப்புளத்தைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

ஊருக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. ஏனென்றால் நாகலாக்குளத்திலேயே கூரான உடம்பு என்று பேர் வாங்கியது சீனியம்மாளின் உடம்புதான்.

நாகலாக்குளத்துக்கு வெளியே, சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஓடுபாதை ஒன்று வேலிக்காத்தான் மூடிக் கிடந்தது. அதில் விமானம் இறங்கி ஊரில் யாரும் பார்த்ததில்லை. பிற்காலத்தில் அதன் ஓரத்தில் பைலட் பள்ளிக்கூடம் ஒன்று வந்தது. அதிலும் விமானம் இல்லை. உயரமான ஒரு கொட்டகையும், அதற்குள் ஆறு இரும்புக் கால்களில் நிற்கிற ஒரு வெள்ளைப் பெட்டியும்தான் இருந்தன. பெட்டிக்கு சிமுலேட்டர் என்று பெயர், ஊர் அதைப் பெட்டி என்றே சொன்னது. எங்கெங்கிருந்தோ படித்த பிள்ளைகள் வந்து, அதில் ஏறி, பெல்ட் போட்டு, மேகத்தில் புகுந்து, மழையில் மாட்டி, தரையிறங்கி, வேர்த்து வெளியே வந்து வடை தின்பார்கள். பெட்டி நின்ற இடத்தை விட்டு ஒரு முழங்கூட நகர்ந்திருக்காது.

அந்தப் பெட்டியின் கால்களுக்கு கிரீஸ் போடுகிற வேலைக்குப் போன கொண்டல்சாமி, இரண்டே வருஷத்தில் அதன் சூட்சுமம் முழுவதையும் கற்றுக்கொண்டார். இன்ஜினியர் எபனேசர் சாரே அவரைக் கேட்டுத்தான் எதையும் திருகுவார். சோற்றுத் தட்டை உள்ளங்கையில் ஏந்தி அதைச் சாய்த்தும் நிமிர்த்தியும் கொண்டல்சாமி தன் மனைவிக்குப் பாடம் சொல்லுவார்.

"இங்க பாரு சீனி. விமானம் கெளம்புனா முதுகு சீட்டுல அமுங்கும். நம்ம பெட்டியால ஓட முடியாது. அதனால மூக்கைத் தூக்கிப் பின்னால சாயுது. கண்ணு முன்னால படத்துல தரை ஓடுது. சாஞ்ச ஒடம்பு, ஆத்தாடி என்னா வேகம்னு நம்பிருது."

"அப்ப இம்புட்டுச் சம்பளமும் ஏமாத்துக்குத்தானா?"

"ஏமாத்துத்தான். ஆனா அது சின்ன ஏமாத்து. பெரிய ஏமாத்து இன்னொண்ணு இருக்கு. பெட்டிக் காலு கொஞ்சந்தான் நீளும். ஒரு தள்ளு தள்ளுனா, அடுத்த தள்ளுக்கு அது நடுவுக்குத் திரும்பி வரணும்ல. போறது எல்லாத்துக்கும் தெரியணும். திரும்பி வாரது ஒருத்தனுக்கும் தெரியக்கூடாது. அம்புட்டு மெதுவா வரணும். தெரிஞ்சுச்சோ, கண்ணு ஒண்ணு சொல்லுது ஒடம்பு ஒண்ணு சொல்லுதுன்னு கொடலைப் பெரட்டிரும், பறக்கோம்ங்கிற நெனப்பு பொட்டுனு அறுந்துபோகும். அந்தத் திரும்பி வாரதுதான் எம் பொழப்பு."

அது தெரிகிறதா தெரியவில்லையா என்று தினமும் காலையில் பார்க்க வேண்டும். பைலட்டுகளின் உடம்பு ஏமாந்து பழகிய உடம்பு, அதைக் கேட்டால் சரியான பதில் வராது. விமானத்தில் ஏறவே ஏறாத உடம்புதான் வேண்டும். அதனால் ஊரில் நாலைந்து பெண்களை முறைவைத்துக் கூப்பிட்டு, கண்ணைத் துணியால் கட்டி, பெல்ட் போட்டு உட்காரவைப்பார்கள். வெளியிலிருந்து ஸ்பீக்கரில் "தெரியுதா?" என்று குரல் வரும். உடம்பில் அசைவு தெரிந்தால் வலது கையைத் தூக்க வேண்டும். பெட்டி தூக்கிப் போட்டால்தான் மற்றப் பெண்களின் கை எழும். சீனியம்மாளின் கை, திரும்பி வருவதற்கும் எழும். அவள் கை எழ எழக் கொண்டல்சாமி இன்னும் மெதுவாக்குவார், அது மறுபடி எழும், மறுபடி மெதுவாக்குவார். அப்படிப் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து இழைத்து இழைத்துத்தான், இப்படி ஒரு பெட்டியில் பறந்ததில்லை என்று தூரதேசத்துப் பைலட்டும் சொல்கிற பெட்டியாக அது ஆனது.

ஒரே ஒரு தடவை அவள் பொய் சொன்னாள். வைகாசிக் கோயில் பொங்கலுக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று, திரும்பி வருவது தெரிந்தும் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அன்று மத்தியானம் ஒரு பைலட் பையன் விமானத்தை இறக்கும்போது குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். கொண்டல்சாமி அதைத் தன் கையாலேயே கழுவிவிட்டு வந்து, "எனக்காகப் பொய் சொல்லாத சீனி. தெரிஞ்சா கையைத் தூக்கு. எம் பொழப்பே கெட்டாலும் தூக்கு" என்று சொன்னார்.

அப்பேர்ப்பட்ட உடம்புதான் இப்போது மரத்துக் கிடந்தது. இருபதாம் நாள் எபனேசர் சார் அவளை அழைத்து உட்காரவைத்துப் பார்த்தார். பெட்டி பறந்தது, குலுங்கியது, சரிந்தது. அவள் கை மடியிலேயே கிடந்தது. பெட்டியின் கால் எதுவும் பழுதாகிவிட்டதோ என்று அவர் தானே ஏறி உட்கார்ந்து பார்த்து, குலுங்கிய குலுக்கலில் முகம் வெளுத்து இறங்கிவந்து, "கொஞ்ச நாள் வீட்டுல இருங்கம்மா" என்றார்.

குழியை முதலில் பார்த்தது பாக்கியத்தாய். அவள் கொண்டல்சாமியின் தங்கை, இரண்டு வீடு தள்ளி இருந்தாள். உப்புக் கடன் வாங்க வந்தவள், கட்டிலைப் பார்த்தாள், அருகில் போனாள், இடது தோள் பக்கம் கொஞ்சம் ஆழமாக இருந்த அந்தக் குழியை நன்றாகப் பார்த்துவிட்டு, "ஐயோ மதினி, இது எங்க அண்ணன் படுக்குற குழியில்லையா" என்று கத்திவிட்டாள். அந்த நொடியே கட்டில் கயிறு விண்ணென்று இழுபட்டு, புதுக் கட்டில் மாதிரி மட்டமானது. ஒன்பது நாள் ஒன்றும் இல்லை. பத்தாம் நாள் ஒரு நூல் இறங்கியது.

பாக்கியத்தாய் ஓடிப்போய் எபனேசர் சாரிடம் சொன்னாள். வேலாயுதம் அண்ணாச்சியின் டீக்கடையில் பத்துப் பேர் கூடியிருந்தபோது அவர் யோசித்து யோசித்து, மறுக்க வழியில்லாத ஒரு கணக்கைச் சொல்கிறவர் மாதிரி சொன்னார்.

"அவரு பெட்டி வாற மாதிரி வந்துகிட்டு இருக்காரு. போனது பட்டுன்னு போனாரு, எல்லாருக்கும் தெரிஞ்சுது. வாறது யாருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா அறுந்து போவும்."

"நமக்குத் தெரிஞ்சிருச்சே சார்" என்றார் வேலாயுதம்.

"தெரிஞ்சா என்ன, தெரியலைன்னு இருங்க. முக்கியமா அந்தம்மா ஒடம்புக்குத் தெரியக்கூடாது. இந்த ஊர்லயே திரும்பி வாறதுக்குக் கை தூக்குறது அவங்கதான்."

வேறு ஊராக இருந்தால் பூசாரியைக் கூப்பிட்டிருப்பார்கள், அல்லது சென்னைக்குச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். நாகலாக்குளத்துக்காரர்களுக்கு, நகராத பெட்டியில் ஏறி உலகம் சுற்றி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, இதெல்லாம் பழக்கமாகிவிட்டிருந்தது. தெரியாமல் இருக்க வேண்டும் என்றால் இருந்துவிட்டுப் போவோம் என்று முடிவு செய்தார்கள். அன்றிலிருந்து அந்தத் தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "ஒண்ணுமில்லையே?" என்று கேட்பதும், "ஒண்ணுமில்ல" என்று பதில் சொல்வதும் வழக்கமாயிற்று.

வேலாயுதம் தினமும் காலையில் ஆறு பேருக்கு ஏழு டீ ஆற்றி, ஏழாவதை பெஞ்சின் கடைசியில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவ உள்ளே போவார், திரும்பி வந்து கால்வாசி குறைந்திருக்கும் கிளாஸை எடுத்து, "ஈக்குப் பொறந்த ஈ, எம்புட்டுக் குடிக்குது பாரு" என்று திட்டுவார். சவரம் செய்கிறவர் சனிக்கிழமை தவறாமல் ஒரு கத்தியைக் கூடுதலாகத் தீட்டினார். வெளியூர் கண்டக்டர் ஒருவன், நிறுத்தத்துச் சுவரோரம் பார்த்து, "யோவ், ஏறுறியா இல்லையாய்யா?" என்று கேட்டபோது, பஸ்ஸில் இருந்த முப்பது பேரும் ஒன்றாக இருமி, அவன் விசில் ஊதும்வரை நிறுத்தவில்லை. பதினாறாம் நாள் கழற்றிய தாலியை என்ன செய்வது என்று பெண்களுக்குள் பெரிய சச்சரவு வந்து, கடைசியில் பாக்கியத்தாய் அதை மஞ்சள் துணியில் முடிந்து, சீனியம்மாளின் உப்பு ஜாடிக்குப் பின்னால் மறந்து வைத்துவிட்டுப் போனாள்.

எதிர்வீட்டுச் சண்முகக்கனி மட்டும் இதில் சேராமல் கொஞ்ச நாள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் போய் ஆறு வருஷம். ஒரு நாள் குழாயடியில் சீனியம்மாள் பக்கத்தில் குடத்தை வைத்துவிட்டு, "நான் அன்னைக்கு மூணு நாளு அழுதேன். ஒரு சொட்டு பாக்கி வைக்காம அழுது தீத்தேன். அழாம இருந்திருந்தா அவுகளும் வந்திருப்பாகளோ என்னமோ" என்று சொன்னாள். பிறகு தன் குடத்தை எடுத்துக்கொண்டு, "நீ மரத்தே இரு தாயி" என்றாள்.

சீனியம்மாள் மரத்தே இருந்தாள். அது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. சோப்பு இரண்டு மடங்காகக் கரைந்தது, அவள் புதுச் சோப்பு வைத்தாள். கிரீஸ் வாடை கதவோரத்தில் வந்து, பிறகு அடுக்களை வரைக்கும் வந்தது. ஆடியில் இருமல் வந்தது. புரட்டாசியில், குனிந்து கோலம் போடும்போது கண்ணின் ஓரத்தில் ஒரு நீலச் சட்டையின் முதுகு வந்தது, நிமிர்ந்து பார்த்தால் இருக்காது, அதனால் அவள் நிமிரவில்லை.

திருப்பூரில் இருந்த மகள் ரேவதி போனில், "நீ இன்னும் அழலையாமேம்மா, எங்கூட வந்துரு" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு நேரிலேயே கிளம்பி வந்தாள். தெருப் பெண்கள் அவளை பஸ் நிறுத்தத்திலேயே மறித்து விஷயத்தைச் சொன்னார்கள். அவள் சரி என்றாள். வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு மத்தியானம் முழுக்க, தன் வேலையைப் பற்றியும் வாடகை வீட்டைப் பற்றியும் கொஞ்சம் சத்தமாகவே பேசினாள். சீனியம்மாள் அவளை பஸ் ஏற்றிவிட்டாள். பஸ் பாலத்தைத் தாண்டும்வரை ரேவதி கண்ணைத் துடைக்கவில்லை.

கார்த்திகை பிறந்தபோது அவர் ஏறக்குறைய முழுக்க வந்துவிட்டார். இன்னும் நெல்லளவுதான் பாக்கி, மார்கழிக்குள் தீர்ந்துவிடும் என்று எபனேசர் சார் சொன்னதாக, யாரும் யாரிடமும் சொல்லாமலே தெரு முழுக்கப் பரவியது. நெல்லளவும் வந்துவிட்டால் பிறகு தெரியலாம், பேசலாம், தொடலாம் என்று நம்பினார்கள். அதுவரைக்கும் என்ன ஆனாலும் சீனியம்மாள் கை தூக்காமல் இருக்க வேண்டும்.

அப்போதுதான் அவளுக்கு மரப்பு விடத் தொடங்கியது. மரத்த கால் முழிக்கும்போது முதலில் ஊசி குத்துமே, அப்படி முதலில் விரல் நுனியில் வந்தது. துணி துவைக்கும்போது தண்ணீர் குளிர்ந்தது. மிளகாய் கண்ணை எரித்தது. அவள் பயந்துபோய் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சோறு போட்டுத் தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள், முதுகுக்குப் பின்னால் அவர் பிசைந்து உண்ணும் சத்தம் கேட்கும், புளி வாங்கணும், புளி வாங்கணும் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். ஒரு நாள் அவள் ஈரத் தலையை ஒரு கை தொட்டு, எண்ணெய் தேய்க்கிற மாதிரி ஒரு தரம் தடவியது. புளி வாங்கணும் என்று அவள் வாய்விட்டே சொன்னாள். கை நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டுப் போனது. எட்டு மாதமாக ஒரு மனுஷன் தன் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறார், வாங்க என்று ஒருத்தி சொல்லவில்லை, சாப்டீகளா என்று கேட்கவில்லை, உப்பு போதுமா என்று கேட்கவில்லை. நெல்லளவு முடிந்த பிறகும் இந்தத் தெரு இதே பழக்கத்தில் அவரைப் பார்த்து இருமிக்கொண்டேதான் இருக்குமோ என்று அவளுக்குத் தோன்றியது, தானும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் புளியைத்தான் நினைப்போமோ என்றும் தோன்றியது.

மார்கழிக்கு நாலு நாள் இருக்கும்போது எபனேசர் சார் வந்தார். மற்றப் பெண்களை வைத்துச் சோதித்ததில் பெட்டி கெட்டுப்போய்விட்டது, பைலட் பிள்ளைகள் தலைசுற்றி இறங்குகிறார்கள், ஒரு தடவை வந்து உட்காருங்கள் என்றார். "கை தூக்க முடியலைன்னாலும் பரவாயில்லம்மா" என்றவர், தரையைப் பார்த்துக்கொண்டு, "முடியாட்டி நல்லதுதான்" என்றும் சொன்னார்.

அவள் போனாள். ஏணியில் ஏறி, சீட்டில் உட்கார்ந்து, பெல்ட் போட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டாள். கதவு மூடியது. பெட்டி உறுமி, மூக்கைத் தூக்கிப் பின்னால் சாய்ந்தது. அவள் முதுகு சீட்டில் அமுங்கியது, நன்றாக அமுங்கியது, தரையை விட்டுக் கிளம்புகிற வேகம் முழுவதும் அவள் விலா எலும்பில் வந்து உட்கார்ந்தது, கை தானாக எழுந்தது. எழுந்த கையை அவள் பதறி இறக்கினாள். போவதற்குத்தானே தூக்கினோம், போவது எல்லாருக்கும் தெரிவதுதானே என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

ஸ்பீக்கர் கரகரத்தது.

"தெரியுதா சீனி?"

எபனேசர் சார் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவார். சீனி என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஆள்தான். குரல் ஓரத்தில் வரவில்லை, நூல் நூலாக வரவில்லை, முழுசாக, கொஞ்சம் சளி கட்டின அதே காலைக் குரலாக வந்தது.

பெட்டி நின்றது. நின்ற மாதிரி இருந்தது. பிறகு திரும்பி வரத் தொடங்கியது.

அவ்வளவு மெதுவாக அது எப்போதும் வந்ததில்லை. எந்தப் பைலட்டின் உடம்பும், எந்த ஊர்ப் பெண்ணின் உடம்பும் அதைக் கண்டிருக்காது. சீனியம்மாளின் வலது தொடையில், மயிரிழைக்கும் கீழே, ஒரு பாரம் இடம் மாறியது. அந்தப் பாரத்துக்குள் கட்டில் குழி இருந்தது, கரைந்த சோப்பு இருந்தது, சுவரைப் பார்த்துக் கேட்ட சோற்றுச் சத்தம் இருந்தது, தலையில் நின்ற கை இருந்தது.

"இப்பத் தெரியுதா?"

கை மடியில் கிடந்தது. அதை அங்கேயே வைத்திருந்தால் போதும். நெல்லளவு தீர்ந்துவிடும், இறங்கி வெளியே போனால் கிரீஸ் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பார். பாக்கியத்தாய்க்கு அண்ணன், ரேவதிக்கு அப்பா. அப்புறம் ஆயுசுக்கும் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான். இப்படி ஒரு தரம் இந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டதற்கு, வாந்தியைக் கழுவிவிட்டு வந்து நின்ற முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அவர் காத்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் அவர் மூச்சு கேட்டது. அவசரப்படுத்த மாட்டார், ஒரு நாளும் அவசரப்படுத்தியதில்லை.

சீனியம்மாள் வலது கையைத் தூக்கினாள்.

"தெரியுதுங்க" என்றாள். "நல்லாத் தெரியுது. ரொம்ப நாளாத் தெரியுது."

பழுது எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் விடுவாரே ஒரு பெருமூச்சு, அது கேட்டது. "சரி" என்றார்.

பிறகு பெட்டி மொத்தமும் பிரேக் போட்ட பஸ் மாதிரி முன்னால் விழுந்தது. அவள் பெல்ட்டில் தொங்கினாள். அதே நேரத்தில் நாகலாக்குளம் தெருவில், நடந்துகொண்டிருந்தவர்களும் நின்றுகொண்டிருந்தவர்களும் ஒரு அடி முன்னால் தள்ளாடி, எதையோ பிடித்துக்கொண்டு நின்றார்கள். குழாயடிக் குடங்களில் தண்ணீர் தளும்பவில்லை. டீக்கடையில் வேலாயுதம் கழுவிய பாத்திரத்தோடு வெளியே வந்து, பெஞ்சின் கடைசியில் ஏழாவது கிளாஸ் நிறைய, ஆடை படிந்து இருப்பதைப் பார்த்துவிட்டு, ஈயைத் திட்டாமல் உட்கார்ந்துவிட்டார்.

பெட்டிக்குள் அழுத சத்தம் ஸ்பீக்கர் வழியாகக் கொட்டகை முழுக்கக் கேட்டது. எபனேசர் சார் அதை அணைக்கவில்லை. அது தானாக ஓயும்வரை வெளியே ஏணிக்குக் கீழே நின்றார், ஓய்ந்ததும் கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டார்.

அவள் ஓடுபாதை ஓரமாகவே நடந்து ஊருக்கு வந்தாள். கதவடியில் பாக்கியத்தாய் நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது, அவளும் ஒரு அடி தள்ளாடியவள்தான், எல்லாம் தெரிந்தவள்தான். ஆனாலும் எட்டு மாதப் பழக்கத்தில் அவள் வாய் அதையே கேட்டது.

"ஒண்ணுமில்லையே மதினி?"

சீனியம்மாள் வலது கையைப் பார்த்தாள். கஞ்சி கொட்டிய இடத்தில் புண் எப்போதோ ஆறி, தழும்பு வெளுத்திருந்தது.

"இருக்கு பாக்கியம்" என்றாள். "சூடு பட்ட இடம் இப்பத்தான் எரியுது. கொஞ்சம் தேங்காண்ணெய் கொண்டா."